அருகு விதைத்துப் புல்தரை: விதைப் பையைப் பிரிப்பதற்கு முன்னால்

“ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரூன்றி” என்று வாழ்த்தும் ஊரில் அருகு வளர்க்க ஒரு பதிவா என்று கேட்கலாம். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் அழைக்காமலே வருகிற புல்தான். ஆனால் காசு கொடுத்து விதை வாங்கி வீட்டு முன்னால் தூவினால், மூன்று மாதம் கழித்துப் பாதி கோரை, கால்வாசி வெறும் மண், மிச்சம்தான் புல் என்று நிற்கும். விதை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் விதை மேல் தப்பு இருக்காது. விதைத்த நாளுக்கு முந்தைய ஆறேழு வாரத்தில் செய்யாமல் விட்ட வேலைதான் அங்கே முளைத்து நிற்கிறது.

கீழே வரும் கணக்கெல்லாம் 1,000 சதுர அடிக்கு. சென்னை மாதிரி சமவெளி ஊர்களை மனதில் வைத்தது.

முதலில் எந்தப் புல் என்பது. சமவெளியில் வீட்டுக்காரர் விதை போட்டு நம்பி எழுப்பக்கூடிய புல்தரை அருகு ஒன்றுதான். விதைப் பையில் ‘பெர்முடா’ என்று இருக்கும். நர்சரிகளில் ‘மெக்சிகன்’, ‘கொரியன்’ என்று பாயாகவோ சதுரத் துண்டாகவோ விற்பவை துண்டு வைத்து நடுகிறவை. அந்தப் பெயரில் இணையத்தில் விதைப் பொட்டலம் வந்தால் வாங்காதீர்கள். கோல்ஃப் மைதானங்களில் இருக்கும் ‘டிஃப்வே 419’, 1960-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் வெளியிட்ட, அருகின் மலட்டுக் கலப்பினம். அது விதையே பிடிக்காது. பிறகு அதன் விதையை எங்கிருந்து விற்பது? ‘ரை’, ‘ஃபெஸ்க்யூ’ எல்லாம் குளிர்நாட்டுப் புல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரி. சென்னையில் மார்கழியில் முளைத்துப் பளபளவென்று ஆசை காட்டும், பங்குனியில் வைக்கோலாகிவிடும்.

அருகுக்கு ஒரே பிடிவாதம் வெயில். தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மாமரத்தடியில் எத்தனை முறை விதைத்தாலும் நூலாக நீண்டு படுத்துவிடும். மரத்தை விட வீட்டு நிழல்தான் ஏமாற்றும். சென்னையில் 20 அடி உயர வீட்டின் நிழல் மார்கழி நண்பகலில் வடக்குப் பக்கம் ஏறக்குறைய 15 அடிக்கு விழும். அதே இடம் சித்திரையில் பட்டப்பகல் வெயிலில் காயும். சித்திரையில் பார்த்துவிட்டுத் தையில் விதைத்தால் அந்தப் 15 அடி முளைக்கத் திணறும்.

விதை இரண்டு விதமாக வரும். உமி நீக்கியது ஏழிலிருந்து பதினான்கு நாளில் முளைக்கும். உமியோடு இருப்பது மூன்று வாரம் வரை இழுக்கும். பையில் எது என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். வாங்கியதும் 100 விதையை எண்ணி, நனைத்த டிஷ்யூ காகிதத்தில் பரப்பி, மூடி போட்ட டிபன் டப்பாவில் வையுங்கள். 14 நாளில் (உமியோடு இருந்தால் மூன்று வாரத்தில்) எத்தனை முளைத்தது என்று எண்ணினால் பையின் யோக்கியதை தெரிந்துவிடும். 80 முளைத்தால் 1,000 சதுர அடிக்கு முக்கால் கிலோ போதும். 60 தான் முளைத்தது என்றால் ஒரு கிலோ. அதற்கும் கீழே போனால் பையைத் திருப்பிக் கொடுங்கள். நெருக்கமாக இருக்கட்டும் என்று இரண்டு கிலோ கொட்டுவது வீண். நாற்றுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு மெலிந்து, பூஞ்சணத்துக்கு இரையாகும்.

இனி மண்.

புதுவீட்டுத் தோட்டத்தில் மண் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. சவுடு, உடைந்த செங்கல், காய்ந்த சிமென்ட் கலவை, ஓட்டுத்துண்டு, அதன் மேல் ஒப்புக்கு இரண்டு அங்குலம் செம்மண். சிமென்ட் கலவைத் துண்டு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அது புதைந்த இடத்தில் புல் மஞ்சளாகவே நிற்கும், எந்த உரத்துக்கும் அசையாது. எட்டு அங்குலம் கொத்தி இடிபாட்டைப் பொறுக்குவதைத் தவிர வழியில்லை. களிமண் என்றால் கொஞ்சம் மணலைக் கலந்து இளக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். களியும் கொஞ்சம் மணலும் சேர்ந்தால் கிடைப்பது செங்கல். மக்கிய உரத்தைக் கலந்து, மேலே நான்கு அங்குலம் மணற்பாங்கான செம்மண் போடுவதே மேல். அதற்கு 333 கன அடி, அதாவது மூன்றே கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மண் வேண்டும். ஏரி வண்டல் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். அதில் கோரை இல்லாமல் வராது.

உரம்: சலித்த மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ ஒரு அங்குலக் கனத்துக்கு, 83 கன அடி. மக்காத சாணம் கூடாது. களை விதையும் வெள்ளைப் புழுவும் அதோடுதான் வீட்டுக்குள் வரும். வேப்பம் புண்ணாக்கு 10 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 5 கிலோ. இரண்டையும் மேல் நான்கு அங்குல மண்ணில் கலந்து விடுங்கள்.

கோரைக்கு வருவோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைக் கொத்தியதும் நாலு நாளில் ஈட்டி மாதிரி பளபளப்பாக ஒரு முளை கிளம்பும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். உருளாமல் மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் அது கோரை. பிடுங்கினால் வெள்ளைத் தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். குச்சியால் தோண்டிப் பார்த்தால் பட்டாணி அளவில் கறுப்புத் தோல் கிழங்கு ஒன்று. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர், அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அதற்கு அடுத்தது என்று சரமாக இறங்கும். பெரும்பாலானவை மேல் ஆறு அங்குலத்தில் இருக்கும், சில ஒரு அடிக்கும் கீழே. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை, மூக்கில் வைத்தால் நாட்டு மருந்துக் கடை வாசம். குளியல் பொடியில் போடும் கோரைக்கிழங்கு இதுதான். சரத்தில் முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்து நிற்கும் வரை பின்னால் இருப்பவை தூங்கும். மேலே கிள்ளி எறிந்தால் தூங்குகிறவை எழுந்துவிடும். ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் மூன்று வருவது இதனால்தான். ரோட்டவேட்டர் விட்டு ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைத்தால் சரத்தை அறுத்துத் தோட்டம் முழுக்க விதைத்த கணக்கு.

செய்ய வேண்டியது இது. விதைப்புக்கு முந்தைய கோடையில் மண்வெட்டியால் ஓர் அடி ஆழம் கட்டி கட்டியாகப் புரட்டி, உடைக்காமல் இரண்டு வாரம் வெயிலில் காயப் போடுங்கள். கோரைக்கிழங்கு ஈரத்தில் எத்தனை காலமும் தாங்கும், காய்ச்சலில் தாங்காது, சுருங்கிச் செத்துவிடும். உழவர்களின் கோடை உழவு செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. பிறகு மண்ணை உடைத்துச் சமப்படுத்தித் தண்ணீர் விடுங்கள், விதைத்த நிலம் மாதிரியே. தப்பிய கோரையும் மற்ற களையும் கிளம்பும். ஐந்தாறு இலை விடட்டும். ஆனால் முளைத்து மூன்று வாரம் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கும். ஒவ்வொன்றையும் கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி தண்ணீர், மறுபடி மூன்று வாரம். இரண்டு சுற்று கட்டாயம். மூன்றாவதும் முடிந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு நிம்மதி. கறுப்பு பாலித்தீன் போட்டு மூடினால் மற்றக் களைகள் அழுகும். கோரை அதையும் துளைத்துக்கொண்டு வரும்.

களை எடுக்கும் நாட்களிலேயே சரிவையும் பார்த்துவிடலாம். தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட வேண்டும்: பத்தடிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குல இறக்கம். டியூப் மட்டத்தை வைத்து நாலு மூலையிலும் குச்சி அடித்து நூல் கட்டிப் பாருங்கள். கண் மட்டத்தை நம்ப வேண்டாம். முடிந்த மண் மட்டம் நடைபாதைக் கல்லை விட ஒரு அங்குலம் கீழே இருக்கட்டும். சமப்படுத்தியதும் நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். குழி விழும் இடமெல்லாம் தெரியும். அதை நிரப்பி, உருளை விட்டு அழுத்தி, மேலே நடந்து பாருங்கள். கால் தடம் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் இன்னும் அழுத்த வேண்டும். தடமே விழவில்லை என்றால் மேலாக வாரி இளக்க வேண்டும்.

எப்போது விதைப்பது? “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது வயலுக்குச் சொன்னது. கோவை, திருப்பூர், தேனிப் பக்கம் ஆடிக் காற்றில் அருகு விதை அடுத்த தெருவில்தான் முளைக்கும். ஒரு கிராமில் மூவாயிரத்துக்கு மேல் விதை இருக்கும் அளவுக்குப் பொடி அது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை விதையை வாரிக்கொண்டு போகும். சித்திரைக் கத்திரியில் மேல்மண் ஒரு மணி நேரத்தில் காயும். சென்னைக்குத் தை பாதியிலிருந்து மாசி முடிய நல்ல காலம்: மழை நின்றிருக்கும், தண்ணீர் நம் கையில் இருக்கும், கத்திரி வருவதற்குள் வேர் இறங்கியிருக்கும். இரவுக் குளிர் இருக்கும் ஊர்களில் மாசி பிறக்கட்டும்.

விதைப்பு ஒரு மணி நேர வேலை. காற்றில்லாத காலை நேரம். முக்கால் கிலோ விதையோடு எட்டு கிலோ காய்ந்த மணலைக் கலந்து, இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கைத் தெற்கு வடக்காக நடந்து தூவுங்கள், இன்னொன்றைக் கிழக்கு மேற்காக. பாதி இடத்திலேயே பங்கு தீர்ந்துவிடும் என்ற பயம் இருந்தால் நிலத்தை நூல் கட்டி நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தென்னந்துடைப்பத்தைப் படுக்க வைத்து மேலாக இழுத்தால் போதும். விதை கால் அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் வெளியே வரத் தெம்பு இருக்காது. சிலது மேலே தெரிந்தால் தெரியட்டும். சலித்த மண்புழு உரம் தாளளவு தூவி, காலி உருளையை ஒரு முறை ஓட்டுங்கள். விதையும் மண்ணும் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். விதையை ஊற வைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்பது சரிதான். ஆனால் ஈர விதை கட்டி கட்டியாக விழும்.

மேலே வைக்கோல் பரப்ப வேண்டாம். அதில் ஒட்டிய நெல்லும் களையும் சேர்ந்து முளைக்கும். பச்சை நிழல் வலையைத் தரையோடு விரித்துக் கல் வையுங்கள். தண்ணீர் உள்ளே போகும், விதை வெளியே போகாது, புறாவும் மைனாவும் கிட்டே வராது. முளை தெரிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் வலையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இலை வலைக் கண்ணில் புகுந்துகொள்ளும், எடுக்கும்போது வேரோடு வரும். எறும்புக்கு வலை ஒரு பொருட்டில்லை. விதையை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையில் போகும். விதைப்பதற்கு முந்தின வாரமே புற்றுகளைத் தேடித் தீர்த்துவிடுங்கள்.

தண்ணீர் விடுவதில்தான் பொறுமை போகும். முதல் மூன்று வாரம் மேல் அரை அங்குலம் ஈரமாகவே இருக்க வேண்டும், தேங்கவும் கூடாது. ஒரு நேரத்துக்கு 190 லிட்டர் விட்டால் இரண்டு மில்லிமீட்டர் ஆகும். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மூன்றரை என்று மூன்று வேளை. ஹோஸ் வாயில் விரலை வைத்து அடிக்கக் கூடாது. பூவாளி மூக்கோ பனித்தூறல் மூக்கோ மாட்டுங்கள். ஒரு வேளை தவறி, மூக்கை வெளியே நீட்டிய முளை காய்ந்தால், அடுத்த வேளை எவ்வளவு ஊற்றினாலும் அது திரும்பாது. அருகு வளர்ந்த பிறகு உப்புத் தண்ணீரையும் குடிக்கும், நாற்று குடிக்காது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,500-ஐத் தாண்டினால் முதல் மாதத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் தேடுங்கள். ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டவே வேண்டாம்.

முளைத்ததும் வேளையைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள்: நாலாவது வாரம் தினம் ஒரு முறை, ஆறாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மாதம் ஆனபின் வாரம் இரண்டு முறை. வாரத்துக்கு மொத்தம் 25 மில்லிமீட்டர், அதாவது சுமார் 2,300 லிட்டர். கத்திரியில் அதில் பாதி கூடுதல். இந்த எண்ணைப் பார்த்துத் தலை சுற்றினால் 1,000 சதுர அடியை 400 ஆக்கிக்கொள்ளுங்கள். அரைகுறையாகத் தண்ணீர் குடித்த பெரிய புல்தரையை விட அது அழகு.

எட்டாம் நாள் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் பச்சை தெரியும். நின்று பார்த்தால் வெறும் மண்தான். 25 நாள் ஆகும் வரை மறுவிதைப்பு செய்யாதீர்கள். அதற்குப் பிறகும் சொட்டையாக நிற்கும் இடங்கள் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும். பட்டை பட்டையாக இருந்தால் தூவியதில் பிசகு. சரிவின் மேல்பக்கம் சொட்டை, கீழ்ப்பக்கம் கும்பல் என்றால் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. சுவர் ஓரமாக நீளமாக என்றால் நிழல், அல்லது பூச்சு வேலையில் விழுந்த சிமென்ட். முளைத்து நின்ற இடமே வட்ட வட்டமாகச் சாய்ந்து, அடித்தண்டு தண்ணீர் கோத்த மாதிரி இருந்தால் நாற்றழுகல். விடியற்காலையில் அந்த வட்டத்தின் மேல் பஞ்சு மாதிரி ஒரு படலம் தெரியும். மேகமூட்டமும் புழுக்கமும் சாயங்காலத் தண்ணீரும் சேர்ந்தால் இது வரும். கடைசி வேளையை நாலு மணிக்கு முன்னால் முடியுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து, வட்டத்தையும் அதைச் சுற்றி ஓர் அடியையும் நனையுங்கள்.

உரத்துக்கு அவசரம் இல்லை. முளைத்து நாலு வாரம் கழித்து அரை கிலோ யூரியாவை மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர். ஈர இலையில் விழுந்த யூரியா அந்த இடத்தைக் கருக்கும். அதன் பிறகு வளரும் மாதங்களில் மாதம் ஒரு கிலோ உச்சம்.

இரண்டு அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு, ஒன்றரை அங்குலத்துக்கு. எப்போதும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் நாள் தண்ணீர் நிறுத்தி, மண் இறுகிய பிறகு, புதிதாகத் தீட்டிய பிளேடால். மொட்டை பிளேடு நாற்றை வெட்டாது, பிடுங்கும். இன்னும் அடர்த்தியாகட்டும், அப்புறம் வெட்டலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அருகு மேலே வெட்டப்பட்டால்தான் பக்கத்தில் ஓடும்; வெட்டாத அருகு உயர்ந்து, அடியில் சுள்ளியாகி, வெட்டும் நாளில் பழுப்புத் தண்டை மட்டும் காட்டும். நன்றாக வளரும் காலத்தில் வாரம் ஒரு வெட்டு.

இந்த முதல் இரண்டு மாதம் அம்மான் பச்சரிசி, குப்பைமேனி, சாரணை எல்லாம் தலை காட்டும். களைக்கொல்லி எதுவும் வேண்டாம், நாற்று தாங்காது. நிமிர்ந்து வளரும் களைகள் நாலு வெட்டில் தாமாகப் போகும். தரையோடு படர்வதை மட்டும் ஈரத்தில், பலகை போட்டு உட்கார்ந்து பிடுங்குங்கள். கோரை தெரிந்தால் மட்டும் அன்றைக்கே குச்சியோடு இறங்கிக் கிழங்கோடு எடுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் யூரியாவை நிறுத்துங்கள். அடைமழையில் கொழுத்த இலைக்குத்தான் பூஞ்சணம் முதலில் வரும். மழையில் புல் பழுத்தால் நோய் என்று மருந்து அடிக்கும் முன், இரண்டு அடி தள்ளித் தோண்டிப் பார்த்துத் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். மழைக்குப் பின் தரையைத் தோட்ட முள்கரண்டியால் நாலு அங்குல ஆழம் குத்தி, மணலும் சலித்த உரமும் சம பங்காகக் கலந்து கால் அங்குலம், மொத்தம் 21 கன அடி, தூவி வாரிவிடுங்கள். பூச்செடிப் பாத்தி பக்கம் செங்கல்லைக் குத்தாக ஆறு அங்குலம் புதையுங்கள். இல்லாவிட்டால், இத்தனை மாதம் கெஞ்சி வளர்த்த அருகு, அடுத்த மழைக்கு உங்கள் ரோஜா வேருக்குள் போயிருக்கும்.